அறங்கூறவையத்தில் ஒரு பெண்

உறையூர்ச் சோழர் மரபில் வந்த கரிகாலனைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்படும் கதையொன்று உண்டு. முதியவர் இருவர் தமக்குள் எழுந்த வழக்கைத் தீர்த்துக்கொள்ள அவனுடைய அவைக்கு வந்தனர். அரசனின் இளமையைக் கண்டதும் அவர்களுக்குத் தயக்கம் உண்டாயிற்று. நம் வழக்கின் நுட்பம் இந்தப் பிள்ளைக்கு எங்கே விளங்கப் போகிறது என்று எண்ணினர். அதை உணர்ந்த கரிகாலன், மூத்தவர் ஒருவர் உங்கள் வழக்கைக் கேட்பார் என்று சொல்லி உள்ளே சென்றான். நரைமுடி தரித்து வந்து அமர்ந்தான். இருபுறமும் கேட்டுத் தீர்ப்பும் உரைத்தான். வந்தவர்கள் மனநிறைவோடு ஒப்புக்கொண்டனர். உண்மை தெரிந்த பிறகு நாணினர்.

முசிறியிலிருந்து ஒரு பேருந்துப் பயணத் தொலைவில் இருக்கிற உறையூரின் அறங்கூறவையம் சங்கப் புலவர்களால் போற்றப்பட்டது என்பதை நம் வட்டத்தின் அன்பர்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. ஆனால் கரிகாலன் கதையை அசை போடும்போதெல்லாம் எனக்கு ஓர் ஐயம் எழும். இளமையை நரைமுடியால் மறைத்துவிடலாம். அந்த இருக்கையில் ஒரு பெண் அமர்ந்திருந்தால் அவள் எதைத் தரித்துக்கொண்டு வருவாள்? நம் இலக்கியம் வழக்குரைத்த பெண்ணைக் காட்டியிருக்கிறது. கையில் ஒற்றைச் சிலம்போடு பாண்டியன் அவையில் நின்ற கண்ணகி, ஆதாரத்தைக் கொண்டு வந்து, அரசு தரப்பின் ஆதாரத்தோடு ஒப்பிடச் செய்து, தன் வழக்கை மெய்ப்பித்தவள். ஆயினும் தீர்ப்பு உரைக்கும் இடத்தில் ஒரு பெண்ணை அமர்த்திப் பார்க்க நம் புலவர்கள் முன்வரவில்லை. அதற்கான முன்மாதிரி அவர்கள் கண்ட உலகில் இல்லை.

நெடுங்காலம் இல்லாமலேயே இருந்தது. 1916இல் கல்கத்தாவில் ரெஜினா குஹா என்னும் சட்டப் பட்டதாரி வழக்குரைஞராகப் பதிவு செய்துகொள்ள விண்ணப்பித்தபோது, பெண் என்ற காரணத்தால் உயர்நீதிமன்றம் மறுத்தது. பாட்னாவில் சுதாம்சுபாலா ஹஸ்ராவுக்கும் அதே மறுப்பு. 1923இல் தனிச் சட்டம் இயற்றப்பட்ட பிறகுதான் தடை நீங்கிற்று. சென்னை உயர்நீதிமன்றத்தில் 1929இல் பி. ஆனந்தபாய் முதல் பெண் வழக்குரைஞராகப் பதிவு பெற்றார். வழக்காடும் உரிமை வந்த பின்னும் தீர்ப்புரைக்கும் இருக்கை எட்டத்திலேயே இருந்தது. திருவிதாங்கூரில் அன்னா சாண்டி 1937இல் முன்சீப் ஆனார். 1948இல் மாவட்ட நீதிபதி. 1959இல் கேரள உயர்நீதிமன்ற நீதிபதி. இந்தியாவில் ஓர் உயர்நீதிமன்றத்தில் அமர்ந்த முதல் பெண் அவரே. நம் சென்னை உயர்நீதிமன்றமோ 1862இல் தொடங்கப்பெற்றது. அங்கே முதல் பெண் நீதியரசராகப் பத்மினி ஜேசுதுரை பதவி ஏற்றது 1986இல். இடையே 124 ஆண்டுகள் கழிந்தன. 1989இல் பாத்திமா பீவி உச்சநீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியானார். பின்னாளில் அவர் தமிழ்நாட்டின் ஆளுநராக இருந்ததை நாம் அறிவோம்.

இந்த வரிசையில் நான் எழுத எடுத்துக்கொண்டவர் ஆர். பானுமதி. தமிழ்நாட்டிலிருந்து உச்சநீதிமன்றத்திற்குச் சென்ற முதல் பெண். உச்சநீதிமன்றத்தின் ஆறாவது பெண் நீதிபதி. முதல், ஆறாவது என்னும் எண்கள் வாழ்த்து மடல்களுக்கு உதவும். எனக்கு அவரிடம் ஈடுபாடு உண்டானது வேறு காரணத்தால். அவருடைய புகழ்பெற்ற தீர்ப்புகளில் பல மாற்றப்பட்டன. சில மாற்றப்பட்டு மீண்டும் நிலைநாட்டப்பட்டு மீண்டும் மாறின. அவற்றுள் ஒன்றை மாற்றிய அமர்வில் அவரே ஒருவராக இருந்தார். அந்தக் கதை நம் மாவட்டத்தின் வாசலில் தொடங்குவதால், நாம் அதை எழுதி வைப்பது பொருத்தம்.

பானுமதி 1955 ஜூலை 20இல் பிறந்தவர். ஊர் ஊத்தங்கரை, இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ளது. அவருக்கு இரண்டு வயதாக இருக்கும்போது தந்தை பேருந்து விபத்தொன்றில் இறந்தார். இளம் வயதிலேயே கைம்பெண்ணான தாய், மூன்று பெண் குழந்தைகளை வளர்த்தார். 1981இல் வழக்குரைஞராகப் பதிவு செய்துகொண்ட பானுமதி, திருப்பத்தூர், கிருஷ்ணகிரி, அரூர் நீதிமன்றங்களில் தொழில் நடத்தினார். சென்னையின் செந்நிறக் கட்டடத்தில் மூத்த வழக்குரைஞர் ஒருவரின் நிழலில் தொழில் பழகி மேலேறுவது ஒரு பாதை. இவர் பாதை அதுவன்று. வெளியூர் நீதிமன்றங்களை நாம் முசிறியிலும் பார்க்கிறோம். மரத்தடியில் மனு எழுதுபவர், மஞ்சள் பையில் பத்திரங்களோடு விடியற்காலைப் பேருந்தில் வந்திறங்கும் குடியானவர், மாலையில் இன்னொரு வாய்தாத் தேதியோடு திரும்பிச் செல்லும் கிழவி. சட்டம் மனிதரைத் தொடும் இடம் அது.

மாவட்ட நீதிபதி பதவிக்கு வழக்குரைஞர்களிலிருந்து நேரடியாகத் தேர்ந்தெடுக்க அரசியலமைப்பின் 233ஆம் பிரிவு இடமளிக்கிறது. ஏழாண்டுத் தொழில் அனுபவம் குறைந்தபட்சத் தகுதி. 1981இல் பதிவு செய்த பானுமதி 1988இல் மாவட்ட நீதிபதியானார். வயது முப்பத்து மூன்று. கரிகாலனுக்கு இருந்த இடர்ப்பாடு ஒன்றுதான், இவருக்கு இரண்டு.

மாவட்ட நீதிபதி என்பவர் கொலை வழக்கையும் கேட்பார், சொத்து வழக்கின் மேல்முறையீட்டையும் கேட்பார். மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தின் பொறுப்பும் பெரும்பாலும் அவரிடமே இருக்கும். சாலையில் தந்தையை இழந்த குழந்தை, பின்னாளில் சாலையில் தந்தையரை இழந்த குழந்தைகளுக்கு எவ்வளவு தொகை என்று கணக்கிடும் இருக்கையில் அமர்ந்தது. இதை அவர் அந்நாளில் யாரிடமும் பேசியதாகத் தெரியவில்லை. பிற்பாடு பேசினார், அதற்கு இறுதியில் வருகிறேன்.

1995-96இல் கோவை மாவட்டத்து மலைக்கிராமமான சின்னாம்பதியில், வீரப்பனைத் தேடிச் சென்ற அதிரடிப்படையினர் வரம்பு மீறி நடந்துகொண்டதாக எழுந்த முறையீட்டை விசாரிக்கும் ஆணையம் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆங்கில ஆவணங்கள் அதை ‘ஒன் மேன் கமிஷன்’ என்றே குறித்தன. விசாரித்தவர் பெண்ணாக இருந்தும் சொல் மாறவில்லை. தமிழில் நாம் ‘ஒரு நபர் ஆணையம்’ என்கிறோம். இந்த ஓரிடத்திலாவது நம் மொழி முந்திக்கொண்டது என்று மகிழலாம். ‘நீதிபதி’ என்ற சொல்லுக்குப் பெண்பால் வடிவம் உண்டாக்க நாம் முயலாததும் நல்லதே.

அடுத்து புதுக்கோட்டை. நம் பகுதியினர் அந்த நாட்களை மறந்திருக்க மாட்டார்கள். இலங்கையின் மாத்தளையில் ஆசிரமம் நடத்திவந்த பிரேமானந்தா, 1983ஆம் ஆண்டுக் கலவரத்திற்குப் பிறகு தமிழகம் வந்து, 1989இல் விராலிமலையை அடுத்த பாத்திமா நகரில் பெரிய ஆசிரமம் அமைத்தார். ஆதரவற்ற குழந்தைகள் பலர் அங்கே வளர்ந்தனர். சிவராத்திரி நாளில் வாயிலிருந்து லிங்கம் எடுப்பதைக் காணத் திருச்சியிலிருந்தும் கூட்டம் சென்றது, படித்தவர்களும் சென்றார்கள். 1994 நவம்பரில் அங்கிருந்து வெளியேறிய சிறுமியர் வாய் திறந்தனர். பதின்மூன்று பெண்களைப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கியது, ஆசிரமத்தில் இருந்த இளம் பொறியாளர் ஒருவரைக் கொன்று புதைத்தது ஆகியவை குற்றச்சாட்டுகள். வழக்கு புதுக்கோட்டை மாவட்ட அமர்வு நீதிமன்றத்திற்கு வந்தது. நீதிபதி பானுமதி.

விசாரணை நீதிமன்றத்தின் தனித்தன்மையை இங்கே சொல்லியாக வேண்டும். மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் தாளைப் படிக்கின்றன. விசாரணை நீதிபதி ஒருவரே சாட்சியின் முகத்தைப் பார்க்கிறார். தேவையெனக் கண்டால் சாட்சி நடந்துகொண்ட விதத்தைப் பற்றித் தம் குறிப்பையும் பதிவு செய்யுமாறு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 280ஆம் பிரிவு கூறிற்று. தொல்காப்பியம் மெய்ப்பாட்டுக்கென ஓர் இயலையே வகுத்தது. நம் சட்டம் அதற்கு ஒரு பிரிவை ஒதுக்கியது. அழுகை வந்த இடம், சொல் தடைபட்ட இடம், கேள்வி எழுந்ததும் கண் சென்ற திசை ஆகியவற்றைக் காண்பவர் அங்கே அமர்ந்திருப்பவர் மட்டுமே. அவர் எழுதி வைக்காதது மேலே போகாது.

குற்றம் சாட்டியவர்கள் பெற்றோர் துணையற்ற பெண்கள். குற்றம் சாட்டப்பட்டவர் அவர்களுக்குச் சோறும் கூரையும் கொடுத்தவர். பல நாடுகளில் அடியார்கள் உள்ளவர். ‘இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை?’ என்பது அத்தகைய வழக்கில் எதிர்த்தரப்பின் முதற் கேள்வியாக இருக்கும். 1996 ஜனவரியில் உச்சநீதிமன்றம் குர்மீத் சிங் வழக்கில் ஒரு தெளிவை உண்டாக்கியிருந்தது: பாதிக்கப்பட்ட பெண்ணின் சாட்சியம் நம்பிக்கைக்குரியதாக இருந்தால் அதற்கு வேறு சாட்சியின் துணை கட்டாயமன்று, புகார் செய்யத் தாமதமானதை மட்டும் வைத்து அவளை ஐயுறக் கூடாது, விசாரணை மூடிய அறையில் நடைபெற வேண்டும், இயன்றால் பெண் நீதிபதியே விசாரிப்பது நன்று. இந்தக் கடைசி விருப்பத்தை நிறைவேற்றப் பெண் நீதிபதிகள் எத்தனை மாவட்டங்களில் இருந்தார்கள் என்பது வேறு கேள்வி. புதுக்கோட்டையில் ஒருவர் இருந்தார்.

அவ்வழக்கின் மற்றொரு சிறப்பு, மரபணுச் சான்று. ஆசிரமத்துப் பெண் ஒருவருக்குக் கருக்கலைப்பு செய்யப்பட்டிருந்தது. அக்கருவின் திசு ஹைதராபாத்தில் உள்ள உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தில் ஆராயப்பட்டது. தந்தை யார் என்பது வெளிப்பட்டது. இன்று இது நமக்குப் பழகிய செய்தி. அன்று நாட்டின் பெரிய நீதிமன்றங்களுக்கே புதிது. பாலியல் வன்கொடுமை வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவரின் மரபணுவைச் சோதிப்பதற்கான தனிப்பிரிவு நம் நடைமுறைச் சட்டத்தில் இடம்பெற்றதே 2006இல்தான். அதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பு, ஒரு மாவட்டத் தலைநகரில், ஒரு நீதிபதி அறிவியலாளர்களின் சாட்சியத்தைக் கேட்டு, அதன் மீது எழுப்பப்பட்ட மறுப்புகளையும் எடைபோட்டு, ஏற்கத்தக்கது என்று முடிவு செய்தார்.

1997 ஆகஸ்ட் 20இல் தீர்ப்பு வந்தது. பிரேமானந்தாவுக்கு இரட்டை ஆயுள் தண்டனை. ஒன்று முடிந்த பிறகு மற்றொன்று தொடங்க வேண்டும். 67 லட்சம் ரூபாய்க்கு மேல் அபராதம். அரசுகள் விழா நாட்களில் அறிவிக்கும் தண்டனைக் குறைப்பு எதுவும் பொருந்தாது. உடன் குற்றம் சாட்டப்பட்டவர்களும் தண்டிக்கப்பட்டனர். 2002இல் சென்னை உயர்நீதிமன்றமும், 2005 ஏப்ரலில் உச்சநீதிமன்றமும் இத்தீர்ப்பை உறுதி செய்தன. பிரேமானந்தா 2011 பிப்ரவரியில், தண்டனைக் காலத்திலேயே, கடலூரில் இறந்தார்.

கதை அத்துடன் முடிந்திருக்கலாம். முடியவில்லை. ஒருவருக்கு இருப்பது ஓர் ஆயுள். இரண்டு ஆயுள் தண்டனைகளை ஒன்றன்பின் ஒன்றாக அவர் எப்படி அனுபவிப்பார்? கவிஞன் கேட்கக்கூடிய இக்கேள்வியைச் சட்டமும் கேட்டது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற முத்துராமலிங்கம் வழக்கில், 2016 ஜூலையில், ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியலமைப்பு அமர்வு விடை சொன்னது: ஆயுள் தண்டனை என்பது எஞ்சிய வாழ்நாள் முழுவதும், ஆதலால் பல ஆயுள் தண்டனைகள் விதிக்கலாம், ஆனால் ஒன்று முடிந்த பின் மற்றொன்று என்று ஆணையிட இயலாது. பிரேமானந்தா வழக்கில் 2005இல் உச்சநீதிமன்றம் கூறியது இந்த அளவில் தவறு என்று அமர்வு அறிவித்தது. தலைமை நீதிபதி டி.எஸ். தாக்கூர் எழுதிய அத்தீர்ப்புக்கு இசைந்த நால்வரில் ஒருவர் ஆர். பானுமதி.

இந்தச் செய்தியை முதன்முதல் அறிந்தபோது நான் சற்று நேரம் வேறெதையும் படிக்கவில்லை. புதுக்கோட்டையில் தாம் எழுதிய ஆணையின் ஒரு கூறு, பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின், தாமே அமர்ந்த அமர்வில் தள்ளப்படுகிறது. அவர் மாறுபட்டுத் தனித்தீர்ப்பு எழுதியிருக்கலாம்; எழுதவில்லை. ஓர் எழுத்தாளர் தம் முதல் தொகுப்பில் உள்ள பிழையை ஒப்புக்கொள்ள எத்தனை பதிப்புகள் ஆகின்றன என்பதை நம் வட்டத்தார் நன்கு அறிவர்.

2003 ஏப்ரலில் அவர் சென்னை உயர்நீதிமன்ற நீதியரசரானார். அங்கே அவர் பெயரை ஊரறியச் செய்தது மதுரைக் கிளையில் 2006 மார்ச்சில் அவர் பிறப்பித்த ஆணை. இராமநாதபுரம் மாவட்டத்தில் ரேக்ளாப் பந்தயம் நடத்த ஒருவர் அனுமதி கேட்டு வந்தார். நீதியரசர் அதை மறுத்ததோடு நிற்கவில்லை. 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடைச் சட்டத்தை எடுத்துக்கொண்டு, ரேக்ளா, மாட்டுவண்டிப் பந்தயம், ஜல்லிக்கட்டு அனைத்தையும் தடை செய்தார். கேட்டது வண்டிப் பந்தயம், நின்றது வாடிவாசல்.

இங்கே என் கருத்து அவருடையதோடு முழுதும் ஒன்றவில்லை என்பதை மறைக்க விரும்பவில்லை. முல்லைக்கலியில் ஏறுதழுவலைப் படித்து வளர்ந்தவர்கள் நாம். பெரிய சூரியூர்க் காளைகளைப் பார்த்தும் வளர்ந்தவர்கள். தம் முன் வராத ஒரு விளையாட்டை, அதை நடத்தும் ஊர்களின் தரப்பு முழுமையாகக் கேட்கப்படாத நிலையில் தடை செய்தது அகலக்கால் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குடல் சரிந்து திருச்சி அரசு மருத்துவமனைக்குத் தூக்கி வரப்படும் இளைஞனின் தாயிடம் கலித்தொகையை எடுத்துச் சொல்ல எனக்குத் துணிவில்லை. அந்த ஆணைக்கு முன் எவ்வித ஒழுங்கும் இன்றி நடந்த விளையாட்டுக்கு, அதன் பின்னரே தடுப்பு வேலி, மருத்துவச் சோதனை, முன் அனுமதி என்னும் நெறிகள் உருவாயின. 2007 மார்ச்சில் இருவர் அமர்வு அந்த ஆணையை நீக்கிற்று. 2009இல் மாநிலம் ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றியது. 2014 மே மாதம் உச்சநீதிமன்றம் மீண்டும் தடை விதித்தது. 2017 ஜனவரியில் மெரினாவில் இளைஞர் திரண்டதும் சட்டம் திருத்தப்பட்டதும் நாம் கண்டவை. 2023 மே 18இல் அரசியலமைப்பு அமர்வு அத்திருத்தம் செல்லும் என்றது. பதினேழு ஆண்டுகள் ஓடிய அந்த வழக்கின் முதல் ஏட்டில் இருப்பது இவருடைய கையெழுத்து.

சிதம்பரம் வழக்கும் அத்தகையதே. நடராசர் கோயிலுக்குச் செயல் அலுவலர் நியமிக்கப்பட்டதை எதிர்த்துப் பொதுதீட்சிதர்கள் தொடுத்த வழக்கை 2009 பிப்ரவரி 2இல் பானுமதி தள்ளுபடி செய்தார். திருச்சிற்றம்பல மேடையில் தேவாரம் பாட சிவனடியார் ஆறுமுகசாமி நடத்திய போராட்டத்தின் சூடு அப்போது ஆறவில்லை. ஆகவே தமிழன்பர்கள் அத்தீர்ப்பைத் தம் வெற்றியாகவே கொண்டாடினர். வழக்கின் மையம் தேவாரமன்று. கோயில் நிர்வாகம் யாருடையது என்பது. தீட்சிதர்கள் தனிச் சமயப் பிரிவினர் என்று 1951இல் சென்னை உயர்நீதிமன்றம் கூறியிருந்தது. அது இந்த நியமனத்தைத் தடுக்காது என்பது பானுமதியின் முடிவு. உயர்நீதிமன்றத்தின் இருவர் அமர்வு அதே ஆண்டு ஒப்பியது. 2014 ஜனவரியில் உச்சநீதிமன்றம் ஒப்பவில்லை; 1951இல் முடிந்துபோன வினாவை மீண்டும் எழுப்ப முடியாது என்று கூறித் தீட்சிதர்கள் பக்கம் தீர்த்தது. ஜல்லிக்கட்டில் அவரைத் தமிழ்ப் பண்பாட்டின் பகைவராகவும் சிதம்பரத்தில் அதன் காவலராகவும் கண்டவர்கள், பலவேளைகளில், ஒரே நபர்கள். அவர் இரண்டுமல்லர். இரண்டு வழக்குகளிலும் அவர் கேட்டது, இதை முறைப்படுத்தப் பொதுச் சட்டம் உண்டா இல்லையா என்பதே. மரபு அதற்கு விதிவிலக்கு என்ற வாதம் அவரிடம் எடுபடவில்லை. அது அவருடைய வலிமையும் குறையும்.

2013 நவம்பரில் ஜார்க்கண்ட் உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி. 2014 ஆகஸ்ட் 13 முதல் உச்சநீதிமன்ற நீதிபதி. அங்கே ஆறாண்டுகள் இருந்தார். 2016இல் நுழைவு வரி பற்றிய ஒன்பது நீதிபதிகள் அமர்வில் தனித்தீர்ப்பு எழுதினார். அது வரிச் சட்டம் பயில்வோருக்கு உரியது, நமக்கு வேண்டாம். ப. சிதம்பரம் தொடர்பான ஐ.என்.எக்ஸ். மீடியா வழக்கில், 2019 செப்டம்பரில் அவர் தலைமையிலான அமர்வு முன்ஜாமீன் மறுத்தது. அதே ஆண்டு அக்டோபரிலும் டிசம்பரிலும் அவர் தலைமையிலான அமர்வுகளே ஜாமீன் வழங்கின. முதலாவதை அரசியல் என்றவர்கள் மற்ற இரண்டையும் பற்றிப் பேசவில்லை.

தில்லி மாணவி வழக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2012 டிசம்பர் 16 இரவு ஓடும் பேருந்தில் நடந்த கொடுமையை நாடு அறியும். 2017 மே 5இல் தீபக் மிஸ்ரா, பானுமதி, அசோக் பூஷண் ஆகியோர் அமர்வு மரண தண்டனையை உறுதி செய்தது. மற்றவர்களோடு இசைந்தாலும் பானுமதி தம் தீர்ப்பைத் தனியே எழுதினார். அதைப் படிப்பவர் புதுக்கோட்டை நீதிபதியை அடையாளம் கண்டுகொள்வர். அந்தப் பெண் மூன்று முறை மரண வாக்குமூலம் அளித்திருந்தார். மருத்துவரிடம், நிர்வாக நடுவரிடம், பிறகு பேச முடியாத நிலையில் நீதித்துறை நடுவரிடம் சைகையாலும் எழுத்தாலும். மூன்றையும் அடுக்கி வைத்து, மரபணுச் சான்றோடு ஒப்பிட்டு, வரிசையாகக் கொண்டு செல்கிறார். பின்னர், தண்டனை மட்டும் போதாது, பள்ளிப் பருவத்திலேயே ஆண்பிள்ளைகளுக்குப் பெண்களை மதிக்கக் கற்றுத்தர வேண்டும் என்று பாடத்திட்டம் வரை எழுதுகிறார்.

மரண தண்டனையை ஏற்காதவர்கள் நம்மிடையே உண்டு. நானும் அவர்களில் ஒருவன். பதின்மூன்று பெண்களின் வழக்கில் தூக்கின்றி முடித்த அதே கை, இங்கே தூக்கை உறுதி செய்தது. 2020 பிப்ரவரி 14இல், அவ்வழக்கின் குற்றவாளிகளைத் தனித்தனியே தூக்கிலிடலாமா என்ற அரசின் மனுவில் ஆணை சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் இருக்கையிலேயே மயங்கிச் சாய்ந்தார்; உடல் நலமின்றி இருந்தார் என்றனர். மார்ச் 20 அதிகாலை, அவர் தலைமையில் அமர்வு கூடிக் கடைசி மனுவையும் கேட்டுத் தள்ளிற்று. காலை ஐந்தரை மணிக்குத் திகார் சிறையில் தண்டனை நிறைவேறிற்று. இரவு இரண்டரை மணிக்கும் ஒரு மனு கேட்கப்படுகிறது என்பதை மட்டும் நான் குறித்துக்கொள்கிறேன். எல்லா மனுக்களுக்கும் அந்தப் பேறு கிடைப்பதில்லை.

2019 நவம்பரில் அவர் கொலீஜியம் எனப்படும் நீதிபதிகள் தேர்வுக் குழுவில் இடம்பெற்றார். 2006இல் ரூமா பால் ஓய்வு பெற்ற பின் பதின்மூன்று ஆண்டுகள் அக்குழுவில் பெண்ணே இல்லை. இவரும் எட்டு மாதங்களே இருந்தார்.

2020 ஜூலை 19 அவர் ஓய்வு பெற்ற நாள். பெருந்தொற்றுக் காலம், நீதிமன்றக் கூடம் அடைத்துக் கிடந்தது. கடைசி வேலை நாளான ஜூலை 17இல் வழக்குரைஞர் சங்கத்தின் பிரிவுபசாரம் காணொலி வழியாக நடந்தது. அத்தகைய கூட்டங்களில் பேசப்படுபவை நமக்குத் தெரியும்: நன்றி, நினைவுகள், ஒரு நகைச்சுவை. பானுமதி தம் தந்தையின் மரணத்தைப் பற்றிப் பேசினார்.

அதற்கு ஒரு சிறு பின்னணி தேவை. விபத்தில் இறந்தவரின் குடும்பம் இழப்பீடு கேட்பதற்கு நெடுங்காலம் இருந்த வழி, 1855ஆம் ஆண்டு மரண விபத்துச் சட்டத்தின்கீழ் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுப்பது. முத்திரைக் கட்டணம் கட்ட வேண்டும். ஆண்டுக்கணக்கில் அலைய வேண்டும். 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தை 1956இல் திருத்தித்தான் தனித் தீர்ப்பாயங்களுக்கு வழி செய்தார்கள். அவை ஊர்தோறும் அமைந்து வேரூன்ற மேலும் காலம் பிடித்தது. தீர்ப்பு கிடைத்தாலும் வேலை முடியாது. டிக்ரியைக் கையில் வாங்குவது ஒன்று. பணத்தைக் கையில் வாங்குவது வேறொன்று. நிறைவேற்று மனு என்று தனியே போட வேண்டும். அதற்கும் வாய்தா உண்டு. எதிர்த்தரப்பு எங்கே, அதன் சொத்து எது என்று வென்றவரே தேடிக் காட்ட வேண்டும். எழுத்தறிந்த ஆண்கள் திணறிய இடம் அது.

தமக்கு இரண்டு வயதானபோது தந்தை பேருந்து விபத்தில் இறந்ததையும், தாய் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுத்ததையும், நீதிமன்றம் தங்கள் பக்கமே தீர்ப்பளித்ததையும் பானுமதி அன்று கூறினார். நடைமுறைச் சிக்கலும், தக்க துணையின்மையும் குறுக்கே நின்றன. கைம்பெண்ணான தாயும், தாமும், சகோதரியர் இருவரும் நீதிமன்றத் தாமதத்தால் பாதிக்கப்பட்டவர்களே என்றார். அந்தத் தொகை கடைசி வரை அவர்கள் கைக்கு வந்து சேரவில்லை.